கணினியில் வலுத்தொடர் விரிவு பிழையாக வந்தால் எங்கே பார்ப்பது

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. சனி, ஞாயிறு பின்னேரங்களில் கம்பஸ் பிள்ளைகள் மடிக்கணினியோடு வருவார்கள். ஒருவர் பொறியியல், ஒருவர் பௌதிகம், இன்னொருவர் புள்ளிவிபரவியல். ஆனால் கொண்டுவரும் கோளாறு திரும்பத் திரும்ப ஒன்றுதான்: "அக்கா, சீரிஸ் போட்டனான், விடை பிழையா வருது." சீரிஸ் என்று அவர்கள் சொல்வது வலுத்தொடர், அதாவது ஒரு சார்பை எக்ஸ், எக்ஸ்², எக்ஸ்³ என்ற வலுக்களின் கூட்டலாக விரித்து எழுதுவது.

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு, கம்பஸில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சந்திக்கும் பிள்ளைகள் இவர்கள். திரையில் நாலு வரி சிவப்பு எழுத்து வந்தால் வாசிக்காமலே மூடிவிடுகிறார்கள். அந்த நாலு வரியில்தான் பாதி மருந்து இருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் நான் சொல்வதை இங்கே அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். முதலில் காசும் நேரமும் செலவாகாத காரணம், கடைசியில் செலவு கூடியது. கட்டளைகளின் பெயரை ஒலிப்படி தமிழில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கீழே வரும் சிம்பை (பைதான் மொழியில் ஓடுவது), மெத்தமெட்டிக்கா, மேப்பிள், மக்சிமா, சேஜ், பாரி எல்லாம் குறியீடுகளை வைத்துக் கணக்குச் செய்யும் மென்பொருள்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நேரம் மென்பொருள் கணக்கைப் பிழையாகச் செய்திருக்காது. விடையை எதுவரை நம்பலாம் என்பதைக் கடைசியில் ஓ(எக்ஸ்⁶) என்று எழுதியே தந்திருக்கும். எக்ஸ்⁶ இலிருந்து மேலே உள்ள வலுக்களைப் பார்க்கவில்லை என்பது அதன் பொருள். இந்தக் கடைசித் துண்டைத்தான் வால் என்கிறேன். அந்த வாலை நாம் கவனிக்காமல் விட்டிருப்போம், அல்லது வெட்டி எறிந்திருப்போம். ஆகவே எந்த அறிகுறியென்றாலும் முதலில் வாலைப் பாருங்கள்.

## எதற்கும் முன்: அரைவாசிச் சோதனை

விடை சரியா பிழையா என்பதே தெரியவில்லை என்றால் இதைச் செய்யுங்கள், மூன்று நிமிட வேலை.

மூலச் சார்பையும், வால் நீக்கிய தொடரையும் எக்ஸ் = 0.2 இல் மதிப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எக்ஸ் = 0.1 இல் அதையே செய்யுங்கள். சைன் எக்ஸை எக்ஸ்⁵ வரை விரித்தால், 0.2 இல் வித்தியாசம் ஏறத்தாழ 2.5 × 10⁻⁹, 0.1 இல் ஏறத்தாழ 2 × 10⁻¹¹ வரும். அதாவது 128 மடங்கு குறைகிறது. 128 என்பது 2 இன் 7ஆம் வலு. விடுபட்ட முதல் உறுப்பு எக்ஸ்⁷ என்பதால் இது சரியான தொடர்.

வித்தியாசம் 8 மடங்குதான் குறைந்தது என்றால் எக்ஸ்³ இன் குணகம் பிழை. 4 மடங்கு என்றால் எக்ஸ்², 2 மடங்கு என்றால் எக்ஸ். குறையவே இல்லையென்றால் மாறிலி உறுப்பே பிழை. எந்த உறுப்பில் பிழை என்று இந்த ஒரு சோதனை விரல் நீட்டிக் காட்டிவிடும்.

மிகச் சின்ன எண்ணில் சோதிக்க வேண்டாம். (1 − கொஸ் எக்ஸ்)/எக்ஸ்² ஐ 10⁻⁸ இல் சாதாரண தசமக் கணிப்பில் போட்டுப் பாருங்கள். 0.5 வரவேண்டிய இடத்தில் பூச்சியம் வரும். அங்கே பிழை தொடரில் இல்லை, தசமத்தின் துல்லியம் அதோடு முடிந்துபோகிறது.

## அறிகுறி: ஓர் உறுப்பு குறைகிறது, இரண்டு மென்பொருளில் இரண்டு விடை

வரிசை எண்ணின், அதாவது விரிவை எந்த வலுவில் நிறுத்துவது என்று கொடுக்கும் எண்ணின், பொருள் மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. இதுதான் அதிகம் வருவது. சிம்பையில் கொஸ் எக்ஸை 6 என்று கொடுத்து விரித்தால் 1 − எக்ஸ்²/2 + எக்ஸ்⁴/24 + ஓ(எக்ஸ்⁶) வரும். அதாவது 6 க்குக் குறைந்த வலுக்கள் மட்டும். மெத்தமெட்டிக்காவில் அதே 6 ஐக் கொடுத்தால் −எக்ஸ்⁶/720 உம் சேர்ந்து வரும், வால் 7ஆம் வலுவில் தொடங்கும். மக்சிமாவின் டெய்லர் கட்டளையும் 6ஆம் வலுவைச் சேர்த்தே தரும். இரண்டும் சரி. 6 என்பது எத்தனை உறுப்பு என்ற எண்ணிக்கை அல்ல என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

நீங்கள் எண்ணே கொடுக்கவில்லை. அப்போது மென்பொருள் தன் இயல்பு எண்ணை எடுக்கும். சிம்பைக்கும் மேப்பிளுக்கும் 6, பாரிக்கு 16, சேஜில் தொடருக்கென்றே உள்ள வலுத்தொடர் வளையம் என்ற கருவிக்கு 20. குழுவாக அசைன்மென்ட் செய்யும்போது ஆளுக்கொரு மென்பொருள் என்றால் வரிசை எண்ணை எல்லோரும் வெளிப்படையாக எழுதுங்கள்.

உறுப்பு குறையவில்லை, ஒழுங்கு மாறிவிட்டது. சிம்பையில் ரிமூவ்ஓ போட்டு வாலை நீக்கியதும் உறுப்புகள் தலைகீழாக அச்சாகும்: எக்ஸ்⁵/120 முதலில், எக்ஸ் கடைசியில். விடை அதேதான்.

## அறிகுறி: எல்லாம் கழிந்து பூச்சியம் வருகிறது, அல்லது முதல் உறுப்பே காணாமல் போகிறது

இந்த ஓர் அறிகுறியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மற்றவை நேரத்தைத்தான் தின்னும், இது பிழையான முடிவையே எழுத வைக்கும்.

போன வருடம் ஒரு தங்கச்சி வந்தா. டான்(சைன் எக்ஸ்), சைன்(டான் எக்ஸ்) இரண்டையும் தனித்தனியாக விரித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, வாலை நீக்கியிருந்தா. திரையில் 0. "அக்கா, ரெண்டும் சமன் எண்டு எழுதட்டோ?" என்று கேட்டா. அறிக்கையில் பாதியை எழுதியும் விட்டா.

இரண்டு சார்பும் எக்ஸ் + எக்ஸ்³/6 − எக்ஸ்⁵/40 வரை அச்சொட்டாக ஒன்றுதான். அடுத்த உறுப்பில்தான் பிரிகின்றன. ஒன்றில் −107/5040, மற்றதில் −275/5040. கழித்தால் 168/5040, அதாவது எக்ஸ்⁷/30. அவ விரித்ததோ 6 வரை. மென்பொருள் நேர்மையாக ஓ(எக்ஸ்⁶) என்று சொன்னது. அதன் பொருள், "எக்ஸ்⁶ க்குக் கீழே ஒன்றும் இல்லை, மேலே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை" என்பதுதான். வாலை நீக்கியதும் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி அழிந்துவிட்டது, வெறும் 0 மட்டும் மிஞ்சியது. வரிசையை 10 ஆக்கி மறுபடி ஓட்டியதும் எக்ஸ்⁷/30 வந்து நின்றது. அறிக்கையின் அந்தப் பக்கத்தை அங்கேயே இருந்து திருத்தி எழுதினா.

காரணங்களை இந்த ஒழுங்கில் பாருங்கள்.

கழித்தலில் முதல் உறுப்புகள் அழிந்தன. வரிசையை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை மாறினால் முதல் விடையை நம்ப வேண்டாம். 6, 12, 24 என்று போயும் வால் மட்டுமே வந்தால், சார்பு உண்மையிலேயே பூச்சியமாக இருக்கலாம். அப்போது தொடரை விட்டுவிட்டு எளிதாக்கும் கட்டளையால் நிறுவப் பாருங்கள். எந்த வரிசையானாலும் ஒரு வால் மட்டும் ஒரு நிறுவல் ஆகாது.

வகுத்தலில் வால் முன்னால் வந்துவிட்டது. (சைன் எக்ஸ் − எக்ஸ்)/எக்ஸ்³ ஐ எடுங்கள். சைன் எக்ஸை ஓ(எக்ஸ்⁶) வரை விரித்துக் கையால் கழித்து வகுத்தால் −1/6 + எக்ஸ்²/120 + ஓ(எக்ஸ்³) தான் கிடைக்கும். எக்ஸ்³ ஆல் வகுத்தபோது வாலும் மூன்று படி இறங்கிவிட்டது. எத்தனையாம் வலுவால் வகுக்கப் போகிறீர்களோ, அத்தனையைத் தொடக்க வரிசையில் கூட்டிக்கொள்ளுங்கள். மேப்பிளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே நீங்கள் கொடுக்கும் வரிசை எண் நடுக் கணிப்புக்கு உரியது, முடிவில் அதைவிடக் குறைந்த உறுப்புகள் வரலாம்.

வாலை நேரத்தோடு நீக்கிவிட்டீர்கள். இதுதான் மோசமானது. முதல் படியிலேயே வாலை நீக்கிவிட்டால் அதன்பின் அது சாதாரணப் பல்லுறுப்பி. இரண்டு பல்லுறுப்பிகளைப் பெருக்கினால் எக்ஸ்¹⁰ வரை குணகங்கள் அழகாக வரும், எக்ஸ்⁶ உம் அதற்கு மேலே உள்ளவையும் நம்ப முடியாதவை. வால் இருந்திருந்தால் மென்பொருளே அவற்றை விழுங்கியிருக்கும். வாலைக் கடைசிப் படிவரை வைத்திருங்கள். எண் பிரதியிடுவதற்கும் வரைபு கீறுவதற்கும் சற்று முன்பு மட்டும் நீக்குங்கள்.

## அறிகுறி: எண்ணைப் பிரதியிட்டால் விடை வரவில்லை, வரைபு வெறுமையாக இருக்கிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். இங்கே வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மெத்தமெட்டிக்காவில் தொடர் ஒரு தனி வகைப் பொருள். அதில் 0.5 ஐப் போட்டால், தொடரை ஒரு எண்ணில் மதிப்பிடப் பார்க்கிறீர்கள் என்று எச்சரித்துவிட்டு இன்டிடெர்மினேட் என்று தரும். நோர்மல் கட்டளையைப் போட்டுப் பல்லுறுப்பியாக்குங்கள். சிம்பையில் ரிமூவ்ஓ. மக்சிமாவில் டெய்லர் கட்டளையின் விடையருகே டீ என்ற அடையாளம் சாய்கோடுகளுக்கு நடுவே தெரியும். அது இருக்கும்வரை அதனுடன் எதைக் கூட்டினாலும் அதுவும் தொடராகிவிடும். ராட்டிஸ்ரெப் போட்டுச் சாதாரணக் கோவையாக்குங்கள்.

நீக்கியும் வரைபு வரவில்லை என்றால் தொடர் சுகமாக இருக்கிறது, கோளாறு வரையும் கட்டளையில். அதைத் தனியாக வைத்துப் பாருங்கள்.

## அறிகுறி: பின்னம் வரவேண்டிய இடத்தில் நீண்ட தசமம்

ஒரு தம்பி ஊசலின் அலைவுகாலத்தை வீச்சின் தொடராக விரித்துக்கொண்டு வந்தான். புத்தகத்தில் 1/16, 11/3072. அவன் திரையில் 0.0625, 0.00358072916666667. அவன் தன் விடை பிழை என்றே நம்பிவிட்டான். 11 ஐ 3072 ஆல் வகுத்துக் காட்டியதும் முகம் மலர்ந்தது. கோவையில் ஓரிடத்தில் அரைவாசியை 0.5 என்று தட்டியிருந்தான்.

தசமப் புள்ளி எங்கோ நுழைந்துவிட்டது. ஒரேயொரு 0.5 போதும், அது தொட்ட குணகமெல்லாம் தசமமாகிவிடும். உங்கள் வரியில் புள்ளியைத் தேடுங்கள்.

பைதான் முந்திக்கொண்டது. சிம்பையில் (1 + எக்ஸ்) இன் வலுவாக 1/3 என்று தட்டினால், சிம்பை பார்ப்பதற்கு முன்னமே பைதான் அதை 0.333… ஆக்கிவிடும். ராஷனல்(1, 3) என்று எழுதுங்கள். அப்போதுதான் 1 + எக்ஸ்/3 − எக்ஸ்²/9 + 5எக்ஸ்³/81 என்று ஒழுங்காக வரும். ஏற்கெனவே தசமமாகிவிட்ட விடையை என்சிம்பிளிஃபை கட்டளை பின்னமாக ஊகித்துத் தரும். ஊகம் என்பதால் சரிபார்க்காமல் எழுத வேண்டாம்.

தசமம் பேயுறுப்பை உண்டாக்கிவிட்டது. பார்வைக்கு மட்டும் அசிங்கம் என்றால் பரவாயில்லை. ஆனால் 0.1 + 0.2 − 0.3 என்பது கணினியில் பூச்சியமல்ல, ஏறத்தாழ 5.55 × 10⁻¹⁷. கழிந்து போகவேண்டிய மாறிலி உறுப்பு இப்படி மிஞ்சி நிற்க, அதை எக்ஸ் ஆல் வகுத்தால் 1/எக்ஸ் என்ற இல்லாத உறுப்பு முளைக்கும். விடையில் 10⁻¹⁶ அளவில் குணகம் எதையாவது கண்டால் அதைக் கையால் அழிக்காதீர்கள். தொடக்கத்துக்குப் போய்ப் பின்னமாக மாற்றி முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள்.

## அறிகுறி: விரிக்கவே மறுக்கிறது, சிவப்பு எழுத்து வருகிறது

தட்டெழுத்து. பைதானில் வலுவுக்கு இரட்டை நட்சத்திரம். கூரைக் குறி வலுவைக் குறிக்காது. அத்தோடு, மேத் தொகுதியின் சைன் எண்ணுக்கு மட்டும்தான். குறியீட்டைக் கொடுத்தால் அதை எண்ணாக மாற்ற முடியாது என்று சண்டை பிடிக்கும். சிம்பையின் சைனையே அழையுங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் வேறெங்கும் போக வேண்டாம்.

அந்தப் புள்ளியில் டெய்லர் தொடரே கிடையாது. கொட் எக்ஸை 0 இல் விரித்தால் 1/எக்ஸ் − எக்ஸ்/3 − எக்ஸ்³/45 என்று எதிர் வலுவில் தொடங்கும். மேப்பிளில் டெய்லர் கட்டளையால் கேட்டால், டெய்லர் விரிவு இல்லை, சீரிஸைப் போட்டுப் பாருங்கள் என்று அதுவே வழி சொல்லும். வர்க்கமூலம்(சைன் எக்ஸ்) என்றால் அரை வலுக்கள் வரும்: √எக்ஸ் இல் தொடங்கி, அடுத்தது எக்ஸ் இன் 5/2ஆம் வலு, குணகம் −1/12. எக்ஸ் இன் வலு எக்ஸ் என்றால் 1 + எக்ஸ் மடக்கை எக்ஸ் என்று குணகத்துக்குள்ளேயே மடக்கை நிற்கும். இவை கோளாறு அல்ல, அந்தச் சார்புகளின் உண்மையான முகம் அதுதான்.

விரிக்கவே முடியாத புள்ளி. ஈ இன் வலு 1/எக்ஸ் என்பதை 0 இல் விரிக்கச் சொன்னால் எந்த மென்பொருளும் உதவாது. ஈ இன் வலு −1/எக்ஸ்² இன்னும் கள்ளமானது. மெய்யெண்களில் பார்த்தால் 0 இல் அதன் எல்லா வகையீட்டுக் கெழுக்களும் பூச்சியம், ஆனால் சார்பு பூச்சியமல்ல. இங்கே வேறு புள்ளியைத் தெரிவு செய்யுங்கள், அல்லது 1/எக்ஸ் ஐ வேறொரு மாறியாக எடுத்துக் கணக்கையே மாற்றுங்கள்.

மென்பொருளில் அந்தப் பகுதி எழுதப்படவில்லை. நொட் இம்ப்ளிமென்டட் என்று வந்தால் பொருள் அதுதான். முதலில் பதிப்பைப் புதுப்பியுங்கள். அப்படியும் வராவிட்டால் அதே வரியைச் சேஜிலோ மக்சிமாவிலோ போடுங்கள், இரண்டும் இலவசம். மடிக்கணினியில் இடமில்லை என்றால் சேஜ்மேத்செல் உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவத் தேவையில்லை. இதற்காகவே காசு கொடுத்து வேறு மென்பொருள் உரிமம் வாங்கும் யோசனையைக் கடைசிக்குக் கடைசியாக வையுங்கள். துறையின் ஆய்வுகூடக் கணினியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேளுங்கள்.

## அறிகுறி: √(ஏ²) அப்படியே நிற்கிறது, அல்லது ஒன்றுபோன்ற உறுப்புகள் கழிய மறுக்கின்றன

√(ஏ² + எக்ஸ்) ஐ விரித்தால் ஏ + எக்ஸ்/(2ஏ) − எக்ஸ்²/(8ஏ³) வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். மென்பொருளோ √(ஏ²) ஐத் தூக்கிக்கொண்டே திரியும். ஏ நேரா எதிரா என்று அதற்குத் தெரியாது, நீங்களும் சொல்லவில்லை. சிம்பையில் குறியீட்டை அறிமுகப்படுத்தும்போதே பொசிட்டிவ் என்று சொல்லுங்கள், மேப்பிளில் அசூமிங் சேருங்கள்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு கோளாறு இருக்கிறது, பிள்ளைகளின் முழு இரவையும் அது தின்றதைப் பார்த்திருக்கிறேன். முதலில் சாதாரண ஏ ஒன்றை உண்டாக்கிச் சில வரிகள் எழுதுவார்கள். பிறகு, மேலே சொன்னதைக் கேட்டு, நேரான ஏ ஒன்றை உண்டாக்குவார்கள். சிம்பைக்கு இவை இரண்டும் இரண்டு வேறு ஆட்கள். திரையில் இரண்டுக்கும் அச்சாவது ஒரே ஏ. ஆகவே ஏ − ஏ என்று கண்ணுக்குத் தெரியும், பூச்சியமாகாது. பிரதியீடு செய்தால் பாதி மாறும், பாதி மாறாது. கோவையில் உள்ள குறியீடுகளின் பட்டியலை ஃப்ரீ சிம்பல்ஸ் மூலம் எடுத்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் அதுதான் நோய். நோட்புக்கை முழுதாக மீளத் தொடங்கி, குறியீடுகளை முதல் கட்டத்தில் ஒரே தரம் அறிமுகப்படுத்துங்கள்.

## அறிகுறி: தொடர் சரி, ஆனால் எண் எங்கோ போகிறது

ஒருங்கல் ஆரைக்கு வெளியே நிற்கிறீர்கள். மடக்கை(1 + எக்ஸ்) இன் தொடர் 1 வரைதான் வேலை செய்யும். எக்ஸ் = 2 இல் 20ஆம் உறுப்பு மட்டுமே 52,000 ஐத் தாண்டும், உண்மையான விடையோ 1.0986. உறுப்பைக் கூட்டக் கூட்ட மோசமாகும். சோதனை: அடுத்தடுத்த உறுப்புகளின் பருமனை அச்சிட்டுப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் வரிசையைக் கூட்டுவது உதவாது.

1/(1 + எக்ஸ்²) இல் பலர் குழம்புவார்கள். மெய்க்கோட்டில் எங்கும் குறையில்லாத சார்பு, ஆனாலும் தொடர் 1 இல் நின்றுவிடும். சிக்கலெண் தளத்தில் பகுதி எங்கே பூச்சியமாகிறது என்று பாருங்கள், மையத்திலிருந்து அதன் தூரம் 1.

பரிகாரம் இரண்டு. செலவில்லாதது, மையத்தை மாற்றுவது: 2 க்கு அருகில் வேண்டுமென்றால் 2 ஐச் சுற்றியே விரியுங்கள். மற்றது படே அண்ணளவு, அதாவது அதே குணகங்களைக் கொண்டு ஒரு பின்னத்தைக் கட்டுவது. மடக்கை(1 + எக்ஸ்) இன் முதல் நான்கு உறுப்புகளை எக்ஸ் = 2 இல் கூட்டினால் −1.33. அதே நான்கு உறுப்புகளிலிருந்து கிடைக்கும் படே பின்னம் (6எக்ஸ் + 3எக்ஸ்²)/(6 + 6எக்ஸ் + எக்ஸ்²). அதில் 2 ஐப் போட்டால் 24/22, அதாவது 1.09. ஒரு புதிய தகவலும் சேர்க்காமல் விடை இவ்வளவு அருகில் வருவதை முதல் தரம் பார்த்தபோது நான் கையால் மறுபடி போட்டுப் பார்த்தேன். மக்சிமா, மேப்பிள், மெத்தமெட்டிக்கா மூன்றிலும் இதற்குக் கட்டளை உண்டு.

முடிவிலியில் விரித்த தொடர். காரணியத்துக்கான ஸ்டெர்லிங் தொடர் போன்றவை ஒருங்குவதில்லை. உறுப்புகள் முதலில் சிறுத்து, ஓரிடத்துக்குப் பிறகு பெருக்கத் தொடங்கும். மிகச் சிறிய உறுப்போடு நிறுத்திவிடுங்கள்.

## அறிகுறி: சுற்றிக்கொண்டே இருக்கிறது, விடை வரவில்லை

முதலில் நிறுத்திவிட்டு வரிசை 5, 10, 20 இல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் நேரம் பத்து மடங்கு ஏறினால் 80 க்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் இரவு முழுக்க ஓடிய கணக்கொன்று மின்கலம் தீர்ந்ததும் அப்படியே போனது. அதன்பிறகு இந்த அளவீடு இல்லாமல் நான் எதையும் ஓட விடுவதில்லை.

பிறகு இந்த ஒழுங்கில்: எழுத்தாக நிற்கும் மாறிலிகளுக்குப் பின்ன எண்களைக் கொடுங்கள். ஒவ்வொரு படியிலும் எளிதாக்கும் கட்டளையைப் போடுவதை நிறுத்துங்கள், அதுதான் பெரும்பாலும் நேரத்தைத் தின்னும். கடைசியில் ஒரு தரம் போதும். அதுவும் சரிவராவிட்டால் பொதுவான சீரிஸ் கட்டளையை விட்டு, தொடருக்கென்றே உள்ள கருவிக்கு மாறுங்கள்: சிம்பையில் ரிங் சீரிஸ், சேஜில் வலுத்தொடர் வளையம், அல்லது பாரி. குணகங்கள் வெறும் எண்களாக இருக்கும்போது இவை பல மடங்கு வேகம். உங்களுக்கு வேண்டியது நூறாவது குணகம் மட்டும் என்றால் முழுத் தொடரையும் கேட்க வேண்டாம். பொது உறுப்பைக் கேட்க மக்சிமாவில் பவர்சீரிஸ், சிம்பையில் எஃப்பிஎஸ் இருக்கின்றன. இதெல்லாம் செய்து பார்க்காமல் நினைவகம் கூட்டக் காசு செலவழிக்க வேண்டாம்.

## அறிகுறி: இரண்டு மாறியில் தேவையில்லாத உறுப்புகள் வருகின்றன

எக்ஸ், வை இரண்டிலும் 3 வரை என்று மெத்தமெட்டிக்காவில் கேட்டால் எக்ஸ்³வை³ உம் வரும், அது ஆறாம் படி. மொத்தப் படி 3 வரை மட்டும் வேண்டுமென்றால் எக்ஸ் க்கு டீ × எக்ஸ், வை க்கு டீ × வை என்று போட்டு டீ இல் விரியுங்கள், கடைசியில் டீ = 1. மேப்பிளில் எம்டெய்லர் நேரடியாகவே மொத்தப் படியைப் பார்க்கும்.

## எப்போது இன்னொருவரிடம் போக வேண்டும்

தட்டெழுத்து, வரிசை, தசமம், குறியீடு எல்லாம் பார்த்தாகிவிட்டது, அரைவாசிச் சோதனை இன்னும் ஒரு குறிப்பிட்ட குணகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறது, இரண்டாவது மென்பொருள் வேறு குணகம் தருகிறது என்றால் அது மென்பொருளின் பிழையாக இருக்கலாம். கோவையை எவ்வளவு சுருக்கலாமோ அவ்வளவு சுருக்கி, பதிப்பு எண்ணையும், வந்த விடையையும், வரவேண்டிய விடையையும் சேர்த்து உருவாக்குநர்களுக்கு எழுதுங்கள். சிம்பையின் பிழைப் பட்டியல் எல்லோரும் பார்க்கக்கூடியது. எழுதமுன் அதில் தேடினால் உங்கள் கோளாறு ஏற்கெனவே அங்கே இருக்கக்கூடும்.

தொடர் ஒருங்குகிறதா என்பதே நிச்சயமில்லை, அல்லது எந்த மென்பொருளும் விரிக்காத புள்ளியில்தான் உங்களுக்கு விடை வேண்டும் என்றால் எண்சார் பகுப்பாய்வு படிப்பிக்கும் விரிவுரையாளரிடம் போங்கள். போகும்போது "சேர், வேலை செய்யுதில்லை" என்று மட்டும் சொல்லாமல், 0.2, 0.1 இரண்டிலும் எடுத்த வித்தியாசங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு அது பதில்.

அந்த எண் ஒரு வளையின் தடிப்பையோ தூணின் சுமையையோ தீர்மானிக்கப் போகிறது என்றால், சோதனைகள் எல்லாம் சரியாக வந்தாலும் பட்டயப் பொறியியலாளர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிடாமல் விட வேண்டாம். அவரிடம் கொடுக்கும் தாளில் வாலையும் சேர்த்தே எழுதுங்கள்.